மலையில் இருக்கும் நமக்கு மத்தியதரைக் கடல் எதற்கு? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

பாம்பார்புரம் ஹோம்ஸ்டே (கொடைக்கானல்):

எல்லோருக்கும் வணக்கம். பாம்பார்புரம் பக்கம் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதே கிடையாது. ஊரார் விடுமுறைக்குப் படுக்கை விரித்துக் கொடுத்தே எங்கள் கோடை போய்விடும். இந்த முறை சீசன் முடிந்ததும் நாமும் எங்கேயாவது போயே தீருவது என்று வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நிற்கிறார். கொஞ்சம் பணமும் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

மலை வேண்டாம், கடல்தான் என்பதில் எல்லோரும் ஒரே கட்சி. சுவிட்சர்லாந்து என்று ஆரம்பித்த ஏஜெண்டிடம், "ஏன் தம்பி, நாங்க எந்த ஊர்லேருந்து பேசுறோம்னு தெரியுமா?" என்று அத்தை கேட்ட கேள்வியில் அவர் போனை வைத்துவிட்டார். அடுத்தவர் மத்தியதரைக் கடல் ரிசார்ட் என்று அழகழகாகப் படம் அனுப்பினார். நீலத் தண்ணீர், வெள்ளை வீடு, குடை. அத்தை அதையும் பார்த்துவிட்டு, "வேளாங்கண்ணியில இல்லாத கடலா?" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் கதை இதுதான்: அத்தைக்கு 71 வயது, முட்டி வலி, படி ஏற முடியாது. பையனுக்கு 8 வயது. யாருக்கும் நீச்சல் தெரியாது. ஆகஸ்ட் 15 எங்கள் ஊர் சலேத் மாதா திருவிழா, செப்டம்பர் 8 வேளாங்கண்ணி. இரண்டையும் விட்டு அத்தை எங்கும் வரமாட்டார். அவ்வளவு தூரம், அவ்வளவு செலவு செய்து போக நிஜமாகவே காரணம் இருக்கிறதா? ஏஜெண்ட் சொல்லாத காரணமாக இருந்தால் நல்லது.

பெட்டட்டி கப்பல்காரர் (குன்னூர்):

தங்கச்சி, அத்தை கேட்டது நியாயமான கேள்வி. வேளாங்கண்ணியில் இருக்கிற கடல் அங்கே இல்லை. போவதற்குக் காரணமே அதுதான்.

நான் பயணிகள் கப்பலில் சமையலறையில் வேலை பார்த்தவன். பார்சிலோனா, மார்செய், நேப்பிள்ஸ், வலேட்டா என்று அந்தக் கடலைச் சுற்றியே என் இளமை கழிந்தது. வேலையை விட்டு ஊர் வந்த பிறகு, வீட்டுக்காரியை ஒருமுறை பயணியாகவே அழைத்துப் போனேன். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்ல முடியும்.

மலையில் பிறந்த நம்மில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? ஊட்டி ஏரி, கொடைக்கானல் ஏரி எல்லாம் படகு விடத்தான், இறங்க அல்ல. அருவி என்றால் வழுக்குப்பாறை. தண்ணீரில் கை வைத்தாலே விறைத்துப் போகும். அப்படி வளர்ந்துவிட்டுக் கீழே கடற்கரைக்குப் போனால், நம் வங்கக் கடல் ஒரே அலையில் ஆளைப் புரட்டிவிடும். காலுக்கடியில் மணல் அரித்துக்கொண்டு போகும்போதே பாதி உயிர் போய்விடும். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, ஓர் அலை வந்ததும் கத்திக்கொண்டு ஓடிவருவது. நம் வீட்டுப் பெண்களின் கடல் அனுபவம் பெரும்பாலும் அவ்வளவுதான்.

மத்தியதரைக் கடல் நாலு பக்கமும் நிலம் சூழ்ந்தது. அட்லாண்டிக்கோடு அதைச் சேர்க்கும் ஜிப்ரால்டர் நீரிணை குறுகிய இடத்தில் வெறும் 14 கிலோமீட்டர்தான். பெருங்கடலின் அலைகளும் ஏற்ற இறக்கமும் அந்த வாசலுக்குள் பெரிதாக நுழைவதில்லை. வெனிஸ் பக்கமும் துனீசியாவில் ஒரு வளைகுடாவும் விலக்கு. மற்றபடி பெரும்பாலான இடங்களில் கடல் ஏறி இறங்குவது முழங்கால் அளவுக்குக்கூட இருக்காது. காலையில் துண்டு விரித்த இடத்தில் சாயங்காலம் வரை துண்டு அப்படியே இருக்கும். ஆவியாகிப் போகும் அளவுக்கு மழையும் ஆறும் ஈடுகட்டாததால் உப்பும் சற்று அதிகம். மற்ற கடல்களில் லிட்டருக்கு 35 கிராம் என்றால் இங்கே 38 பக்கம். உடம்பு கொஞ்சம் லேசாக மிதக்கும்.

அலையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். காற்று கிளம்பினால் அந்தக் கடலும் ஆடும். தெற்கு பிரான்சில் மிஸ்த்ரால் என்று ஒரு காற்று. கிரேக்கத் தீவுகளில் ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி. அதன் கோபத்தைக் கப்பலில் இருந்தே பார்த்திருக்கிறேன், அடுக்கில் ஒரு பாத்திரம் நிற்காது. கரையில் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது. சில நாள் சொறிமீன் வரும், பட்டால் சுளீரென்று எரியும். ஆனாலும் காற்றில்லாத நாளில், விரிகுடாவுக்கு உள்ளே, நீச்சல் தெரியாதவர் பயமில்லாமல் நிற்கக்கூடிய கடல் அது.

இத்தாலிக்குத் தெற்கே இருக்கிற மால்டா தீவில், மெல்லீஹா என்ற ஊருக்குக் கீழே ஆதிரா விரிகுடா இருக்கிறது. அந்தத் தீவிலேயே பெரிய மணல் கரை அதுதான். என் வீட்டுக்காரி சுடிதாரோடு இறங்கினாள். என் கையை அவள் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. பத்தடி போனோம், தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. இன்னும் போனோம், அப்போதும் முழங்கால்தான். கையை விட்டுவிட்டாள். குனிந்து பார்த்தால் மெட்டி தெரிகிறது, விரலைச் சுற்றி விரல் நீளத்தில் மணல் நிறத்து மீன்கள். அப்படியே தண்ணீருக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டியும் அதே மாதிரி உட்கார்ந்து ஏதோ பின்னிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. இந்தக் காரணத்தை எந்த ஏஜெண்டும் சொல்லமாட்டார், அவர்களுக்கு நீலக்கலர்தான் சரக்கு.

படத்தைப் பார்த்து ஊரை முடிவு செய்யாதீர்கள். தெற்கு பிரான்சின் நீஸ் பேர்பெற்ற ஊர்தான், ஆனால் கரை முழுக்கக் கூழாங்கல். வெறுங்காலோடு நடக்க முடியாது, கடலும் சட்டென்று ஆழமாகும். முட்டி வலிக்கு ஆகாது. இத்தாலியின் அமால்ஃபி கரையில் ஊர்களே மலைச்சரிவில் தொங்குகின்றன. பொசிதானோவில் எங்கே போவதானாலும் படி. ரோடு எல்லாம் வளைவுக்கு மேல் வளைவு. கொடைக்கானல்காரர் காசு கொடுத்துப் போய்க் கொண்டை ஊசி வளைவு பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கிரேக்கத் தீவான சாந்தோரினி செங்குத்துப் பாறை விளிம்பில் நின்று வேடிக்கை பார்க்கும் ஊர், குளிக்கும் ஊர் என்று நான் சொல்லமாட்டேன்.

நீஸ் பற்றி ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் விடுதித் தொழிலில் இருப்பதால் பிடிக்கும். கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் ஊட்டியில் கல் வீடு கட்டிய அதே 1820-களில்தான் நீஸ் கடலோரத்தில் ஆங்கிலேயர்கள் பணம் போட்டு நடைபாதை போட்டார்கள். இன்றும் அதன் பெயர் ஆங்கிலேயர் நடைபாதைதான். இங்கே வெயிலுக்குப் பயந்து மேலே ஏறினார்கள், அங்கே குளிருக்குப் பயந்து கீழே இறங்கினார்கள். நீஸ் ஆரம்பத்தில் குளிர்கால ஊர்; கோடையில் கடலில் குளிக்கிற பழக்கமெல்லாம் பின்னால் வந்தது. நம் நீலகிரி மலை ரயிலுக்கு 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது, நீஸுக்கு 2021-இல். இரண்டு ஊரும் ஒரே முதலாளி வைத்த கடை!

உங்கள் வீட்டுக்கு மால்டாவே சரி என்பேன். ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. 1964 வரை பிரிட்டிஷ் ஆட்சி, வண்டி நம்மைப் போல இடதுபக்கம். நாடு மொத்தமே 316 சதுர கிலோமீட்டர், பஸ்ஸிலேயே சுற்றலாம். அத்தைக்கு ஒரு சேதி: மெல்லீஹாவில் பாறையைக் குடைந்த பழைய மாதா கோயில் இருக்கிறது. ஊர்த் திருவிழாவும் செப்டம்பர் 8-தான், வேளாங்கண்ணியின் அதே நாள். வாத்தியக் குழு, வாணவேடிக்கை, தெருவெல்லாம் தோரணம், சொரூபத்தைத் தோளில் தூக்கி ஊர்வலம். நம் திருவிழாவுக்குக் கொஞ்சமும் குறைச்சல் இல்லை. ஆனால் ஊர் மேட்டில், கடற்கரை பள்ளத்தில். தங்குவது கரைப் பக்கமாக இருக்கட்டும், கோயிலுக்கு பஸ்ஸில் ஏறிப் போகலாம்.

கோத்தகிரி கொழுந்து:

கப்பல்காரர் சொன்னதைக் கேட்டால் எனக்கே மூட்டை கட்டத் தோன்றுகிறது. ஆனால் அலையில்லாத கடலுக்கு ஐரோப்பா வரை போக வேண்டுமா? ராமேஸ்வரத்தில் கோயிலுக்கு எதிரே அக்னி தீர்த்தத்தில் அலை எங்கே இருக்கிறது? அந்தப் பக்க மீனவர்கள் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பாட்டி தாத்தா எல்லாம் பெண் கடலில்தான் முங்கி எழுகிறார்கள். கொடைக்கானலில் ராத்திரி கிளம்பினால் விடிவதற்குள் ராமேஸ்வரம். விசா இல்லை, விமானம் இல்லை.

இன்னொன்று. நம் ஊருக்கு வரும் கூட்டத்தைப் பார்த்து நாம் என்னென்ன திட்டுகிறோம்? 2024 மே 7-இல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. அதற்குச் சில நாள் முன்புதான், ஏப்ரல் 25-இல், ஒரு நாள் வந்து போகிறவர்களிடம் வெனிஸ் 5 யூரோ கட்டணம் வசூலிக்க ஆரம்பித்தது. அந்த ஜூலையில் பார்சிலோனாக்காரர்கள் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டூரிஸ்டுகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கியால் அடித்தார்கள். செய்தியில் பார்த்தபோது, சீசனில் எங்கள் ரோட்டில் ஆம்புலன்ஸ் நகர முடியாமல் நின்ற நாள்தான் ஞாபகம் வந்தது. அங்கே போய் நாமும் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆளாக நிற்க வேண்டுமா? பச்சைத் தேயிலைக்கு இப்போது கிடைக்கிற விலைக்கு எனக்கு ராமேஸ்வரமே பெரிய காரியம், அது வேறு விஷயம்.

பெட்டட்டி கப்பல்காரர் (குன்னூர்):

கொழுந்து தம்பி சொல்வதில் தப்பில்லை. பணம் இடித்தால் பெண் கடலுக்குப் போங்கள், நானே சொல்வேன். ஆனால் அங்கே தீர்த்தமாடத்தான் இறங்குகிறோம். முங்கினோமா, ஈரத்தோடு அடுத்த தீர்த்தத்துக்கு ஓடினோமா என்று இருக்கும். அரை நாள் சும்மா தண்ணீரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்காத கரை நம் பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

கூட்டம் பற்றிச் சொன்னது உண்மை. மால்டாவை ஒட்டிய கொமினோ தீவில் நீலக் காயல் என்று ஓர் இடம், கூட்டம் தாங்காமல் அங்கேயும் முன்பதிவு கொண்டுவந்துவிட்டார்கள். அதனால்தான் ஆகஸ்ட் ஆகாது என்கிறேன். ஐரோப்பா முழுக்க அந்த மாதம் கடலுக்கு வந்து விழும். வாடகை ஏறும், வெயிலும் 32, 33 என்று நிற்கும். ஊட்டியில் மே மாதமே பெரும்பாலும் 23, 24-ஐத் தாண்டாது, நம் உடம்பு தாங்காது.

தங்கச்சி, பையனுக்குக் காலாண்டுத் தேர்வு லீவு செப்டம்பர் கடைசியில் வருமே, அப்போது போங்கள். அத்தையின் இரண்டு திருவிழாவும் முடிந்திருக்கும். கோடை முழுக்கச் சூடேறிய கடல் சீக்கிரம் ஆறாது, செப்டம்பர் கடைசியிலும் 25 டிகிரி பக்கம் இருக்கும். ஜூனில் வெயில் இருந்தாலும் தண்ணீர் அதைவிடக் குளிர்ச்சி, நிறையப் பேருக்கு இது தெரியாது. என்ன, செப்டம்பர் கடைசியில் ஏதாவது ஒரு நாள் இடியோடு மழை கொட்டலாம். அன்றைக்குத் தலைநகர் வலேட்டாவுக்குப் போய்ப் பெரிய கோயிலைப் பாருங்கள். இத்தாலிய ஓவியர் கரவாஜியோ வரைந்த ஸ்நாபக யோவான் தலைவெட்டுப் படம் அங்கேதான் இருக்கிறது, சுவர் நிறைய.

கூடலூர்க்காரி:

மழை என்றதும் நானும் வந்துவிட்டேன். எங்கள் காரணம் வேறு அக்கா.

கூடலூர், தேவாலா பக்கம் ஜூன் பிறந்தால் என்ன ஆகும் என்று நீலகிரிக்காரர்களுக்குத் தெரியும். ஜூலையில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப் போட்டு, பிள்ளைகள் புகை வாசனையோடு பள்ளிக்கூடம் போகும். செருப்பில் பூசணம், பீரோவில் பூசணம், கல்யாண ஆல்பத்திலும் பூசணம். நமக்கு மழை ஊற்றும் அதே மாதங்களில் அங்கே ஒரு சொட்டு கிடையாது. கோடையில் அந்தப் பக்கம், மேகத்தைச் சேரவிடாத காற்றின் உயர் அழுத்தம் வந்து உட்கார்ந்துகொள்ளும், மழையெல்லாம் குளிர்காலத்தில்தான் என்று தம்பி விளக்கினான். அவன் துருக்கியில் அந்தால்யா பக்கம் ஒரு விடுதிச் சமையலறையில் இருக்கிறான். அவன் கூப்பிட்டுத்தான் போனோம்.

அங்கே பால்கனியில் துவைத்துப் போட்ட துண்டு, நான் டீ குடித்து முடிப்பதற்குள் காய்ந்து மொடமொடவென்று நின்றது. எடுத்து மடித்துவிட்டு, வேண்டுமென்றே இன்னொன்றை நனைத்துப் போட்டேன். சிரிப்பீர்கள், ஆனால் எனக்கு அந்தப் பயணத்தில் கடலைவிடப் பிடித்தது அந்தக் கொடிதான். மூட்டு வலியும் வீட்டுக்காரருக்குக் குறைந்த மாதிரி இருந்தது, வெயிலா மனசா தெரியவில்லை.

அந்தால்யாவில் ஒரு வசதி, அறை, மூன்று வேளைச் சாப்பாடு, டீ, குழந்தைக்கு விளையாட்டு எல்லாம் ஒரே கட்டணத்தில் அடக்கம். தினமும் சமைத்துப் போட்டுச் சலித்த கை, தட்டைக் கழுவாமல் எழுந்து போகும் சுகம் இருக்கிறதே! கத்தரிக்காய், பயறு, தயிர், ரொட்டி என்று சைவத்துக்கும் பஞ்சமில்லை. கடலுக்குப் பின்னாலேயே டாரஸ் மலை. தஹ்தலி சிகரத்துக்குக் கம்பி வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள், 2365 மீட்டர். இவர் மேலே போய் நின்று, "நம்ம தொட்டபெட்டா 2637" என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் நடு ஜூலையில் போகாதீர்கள், மதியம் வெளியே தலை காட்ட முடியவில்லை. ஊரின் பெரிய கரையான கொன்யால்டியும் கூழாங்கல்தான், ரப்பர் செருப்பு வேண்டும்.

பாம்பார்புரம் ஹோம்ஸ்டே (கொடைக்கானல்):

எல்லோருக்கும் நன்றி. அண்ணா எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். வெள்ளைக்காரப் பாட்டி பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, "தண்ணிக்குள்ளேயா?" என்று கேட்டார். மெல்லீஹா மாதா கோயில் என்றதும் பேச்சு முடிந்தது. செப்டம்பர் 8 வேளாங்கண்ணி, கடைசியில் மால்டா என்று அவரே காலண்டரில் குறித்துவிட்டார்.

கூடலூர் அக்கா, தட்டு கழுவாமல் எழுந்து போவதைப் படித்து எனக்கு ஏக்கமாக இருந்தது. ஆனால் மூன்று வேளையும் விடுதிக்குள்ளேயே இருந்தால் வீட்டுக்காரருக்கு வேலை நினைப்புத்தான் வரும், அங்கேயும் படுக்கை விரிப்பைச் சரிபார்ப்பார். கொழுந்து அண்ணா, கூட்டம் பற்றி நீங்கள் சொன்னது உறைத்தது. சின்ன வீடாகப் பார்த்து எடுக்கலாம் என்று இருக்கிறோம்.

விசாவுக்கு எப்போது போட வேண்டும்? எங்கள் வருமானம் சீசனை ஒட்டியது, அது சிக்கலாகுமா? அத்தைக்கு மதியம் சோறு இல்லாமல் ஆகாது, சின்ன ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா?

பெட்டட்டி கப்பல்காரர் (குன்னூர்):

மால்டா ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவைப் பொதுவாக வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். செப்டம்பர் கடைசிக்கு மார்ச் கடைசியிலேயே கதவு திறந்துவிடும். ஏப்ரல் பிறந்தால் உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, அதனால் வருமான வரிக் கணக்கு, வங்கி விவரம் எல்லாவற்றையும் பிப்ரவரியிலேயே எடுத்து வையுங்கள். கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும், சீசனில் அந்த ஒரு நாள்கூடக் கிடைக்காது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, பையனுக்கு 45. வருமானம் வருஷம் முழுக்கச் சீராக வராதது குற்றமில்லை. ஹோம்ஸ்டே பதிவுச் சான்று, மூன்று வருஷ வரிக் கணக்கு, சொத்துப் பத்திரம் இவற்றோடு ஒரு பக்கத்தில் சீசன் வருமானம் எப்படி என்று நீங்களே எழுதி வைத்துவிடுங்கள். விசா கைக்கு வரும் முன்னால், ரத்து செய்ய முடியாத டிக்கெட் எடுக்காதீர்கள்.

மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு பிரீமியம் ஏறும், சில கம்பெனிகள் முட்டி, சுகர் போன்ற பழைய நோயைச் சேர்க்காது. அத்தையின் பாலிசியை மட்டும் வரிவரியாகப் படித்துவிட்டு எடுங்கள்.

குக்கர் தாராளமாகக் கொண்டுபோகலாம். நம்மைப் போலவே 230 வோல்ட், ஆனால் பிளக் சதுரக் கால் மூன்று உள்ள பிரிட்டிஷ் வகை, ஓர் அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு கடல்நீரைச் சுத்திகரித்தது, கொடைக்கானல் தண்ணீர் குடித்த நாக்குக்குப் பிடிக்காது. சோற்றுக்கும் டீக்கும் பாட்டில் தண்ணீர் வாங்கிவிடுங்கள். பட்டாணி வைத்த பஸ்தித்சி என்று, நம் ஊர் பஃப்ஸ் மாதிரி, தெருவுக்குத் தெரு சூடாக விற்பார்கள், பையன் விடமாட்டான். நீங்கள் சைவம் பார்ப்பவர்களாக இருந்தால் மாவில் என்ன கொழுப்பு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.